நீச்சல்குளத்தில் முளைத்த நெல்

அந்தக் காலையில் நீச்சல்குளத்தைச் சுற்றி நின்றவர்கள்: நான், என் அப்பா, பொங்கல் விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்திறங்கிய ஒரு குடும்பம். இல்லாதவர் ஒருவர்தான், பண்ணை வீட்டின் முதலாளி. (இருந்திருந்தால் இதை எழுத நான் மிஞ்சியிருக்க மாட்டேன்.)

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் நாள் வாடகைக்கு விடும் வீடு அது. நான் அங்கே மேனேஜர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள், அதுவும் மெக்கானிக்கல். சூட்டைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பிக்கொண்டிருந்த வயது.

மார்கழி பிறந்தால் வருகிறவர்கள் எல்லாரும் குளத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கேட்பார்கள். ஹீட்டர் ஓடினால் குளத்துக்கென்று இருக்கும் தனி மீட்டர் பறக்கும். கரண்டு பில்லைப் பார்த்த முதலாளி, "தம்பி, வர்ற வாடகையெல்லாம் இதுக்கே போகுது. அடுத்த பில்லு பாதியாகணும். இல்லைன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்" என்றார்.

இரண்டு நாள் படித்துக் கண்டுபிடித்தேன்: குளத்தை மூடி வைத்தால் சூடு வெளியே போகாது. அதற்கென்றே விற்கும் மூடி பதினெட்டாயிரம்.

"எம்புட்டு?" என்றார் முதலாளி, ஒரே ஒருமுறை.

"வேணாம்ணே, எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு" என்றேன் அவசரமாக.

வீட்டில் இருந்தது அப்பா நெல் காயப்போடும் தார்ப்பாய். கொண்டுவந்து உதறினேன். (நான்கு முறை என்று இன்றும் சாதிக்கிறேன். ஒரு முறை என்கிறார் அப்பா.) நீலப் பக்கம் மேலே தெரிந்தால் பெரிய ரிசார்ட் மாதிரி இருக்குமே என்று, நெல் காய்ந்த பக்கத்தைத் தண்ணீர் பார்க்க விரித்தேன்.

முதல் நாள் மீட்டர் மெதுவாக ஓடியது. மறுநாள் நகரவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதலாளிக்குப் போன் போட்டு, "அண்ணே, மீட்டர் தூங்குதுண்ணே" என்றேன்.

"படிச்ச பய படிச்ச பயதான்டா" என்றார். அதை அப்படியே அப்பாவிடமும் ஒப்பித்தேன்.

நான்காம் நாள் விருந்தாளிகள் துண்டும் கையுமாக வந்து நின்றார்கள். அறுவடைக்குத் தார்ப்பாயை எடுத்துப்போக அப்பாவும் வந்திருந்தார். திறப்புவிழா மாதிரி ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம்.

குளம் முழுக்கப் பதரும் வைக்கோல் தூசியும். மோட்டார் தண்ணீரை ஹீட்டருக்கு இழுக்கும் இடத்தில் இருந்த வடிகட்டிக் கூடையை எடுத்தால், உள்ளே அடைத்திருந்த நெல் வெள்ளை வெள்ளையாக முளைவிட்டிருந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் மோட்டார் முதல் ராத்திரியே கருகியிருக்கிறது; அது நின்றதும் ஹீட்டரும் நின்றிருக்கிறது. மீட்டர் தூங்கிய ரகசியம் அதுதான்.

அப்பா ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "நல்ல முளைப்புடா. சூட்ட பக்குவமா குடுத்திருக்க" என்றார், நிஜமான மரியாதையோடு.

விருந்தாளி வீட்டு அக்கா சிரித்துச் சிரித்துப் படமெடுத்து முதலாளிக்கே அனுப்பிவிட்டார். உடனே எனக்குப் போன்.

"உன்னைய குளத்துக்குப் போட்டேனா, நாத்தங்காலுக்கா?"

"நான் கெளம்பிர்றேண்ணே."

"எங்க கெளம்புற? நீ போயிட்டா இந்த மோட்டார் காச யார்ட்ட வாங்குறது?"

வேலை பிழைத்தது அப்படித்தான். இன்றைக்கும் விதைநெல் ஊறப்போடும்போதெல்லாம் அம்மா கேட்பார், "அண்டாவுல போடவா, இல்ல உன் குளத்துக்குக் குடுத்து விடவா?"

கருகிய மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்ற நாலாயிரத்து ஐநூறு, முழுக்க என் கணக்கு. கடைசியில் வாங்கியே தீரவேண்டியிருந்த அந்த மூடியில் பாதி முதலாளி கணக்கு, மீதி ஒன்பதாயிரம் என் கணக்கு. மாதம் ஆயிரம் வீதம் என் சம்பளத்தில் கழிந்தது, ஆகமொத்தம் பதின்மூன்றாயிரத்து ஐநூறு ரூபாய்.