கொக்குவில் வீட்டுக்கு இன்சூரன்ஸ்

மாட்சிமை தங்கிய மன்னரின் நல்லாட்சி இலங்கையில் நடந்துகொண்டிருந்த காலத்தில், வெள்ளவத்தையில் இன்சூரன்ஸ் இல்லாதவரை யாரும் மனிதராக மதிப்பதில்லை. கந்தோர்க் கிளாக்கர் தில்லைநாதனிடம் அது இல்லை. மகள் கௌரிக்குச் சீதனமாகப் பேசியிருந்த வடக்கே கொக்குவிலில் இருந்த வீட்டை அவர், கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசி நாகேந்திரத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பிறக்கிராசியோ முற்றத்துத் தென்னையின் கீழ் சாய்மனைக் கதிரையைப் போட்டுக்கொண்டு, தேங்காய் தலையில் விழுந்தால் வழக்காடி வீட்டையே எடுப்பேன் என்று சொல்லியனுப்பினார்.

"மரத்தைத் தறிச்சு விடுங்கோவன்," என்றாள் மனைவி சரோஜினிதேவி.

"விழுந்தால் கம்பனி நட்டஈடு கட்டும். தறிச்சால் பிறகு எதுக்கு இன்சூரன்ஸ்?" என்று கேட்டுவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்.

கம்பனி உத்தியோகத்தர் கொட்டாஞ்சேனை றேமண்ட் விசாரித்தார். "இதுவரை ஒருத்தர்ட தலையிலயாவது விழுந்திருக்கா?"

"இல்லை."

"அப்ப ஆபத்து இருக்கெண்டதுக்கு என்ன அத்தாட்சி?"

"விழுந்தால்?"

"ஆபத்தான வீட்டுக்கு நாங்க குடுக்கிறதில்ல."

தில்லைநாதனுக்கு இது நியாயமாகவே பட்டது. ஆயுள் முழுக்க அரசாங்க உத்தியோகம் பார்த்தவருக்கு வேறெப்படிப் படும்? கம்பனி மேலிடம் கூடி ஆராய்ந்து ஒரு வழி கண்டது. தேங்காய் விழவேண்டும், ஆனால் எவர்மேலும் படக்கூடாது. அதை உத்தியோகபூர்வமாக ஒருவர் பார்க்கவும் வேண்டும். றேமண்ட் மெயில் ரயிலேறிக் கொக்குவிலுக்குப் போய், வடிவாகத் தெரியட்டும் என்று மரத்தடியிலேயே அமர்ந்தார். கம்பனியின் விதிகளைத் தென்னைக்கு யாரும் அறிவித்திருக்கவில்லை.

ஆபத்து ஐயந்திரிபற நிரூபணமானதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. றேமண்ட் தலையில் காயக்கட்டோடு வந்து தில்லைநாதன்மேல் வழக்குப் போட்டார். அவருக்காக வழக்கை நடத்தியவர் நாகேந்திரம். நட்டஈட்டுக்காக வீடு ஏலத்துக்கு வந்தது, எடுத்தவரும் நாகேந்திரமே. மாப்பிள்ளை வீட்டார் கௌரியை விட்டுவிட்டு நாகேந்திரத்தின் மகளைக் கேட்டுப் போனார்கள். கௌரி செய்த பிழை ஒன்றுமில்லை.

செய்தி பரவியதும், இன்சூரன்ஸ் இல்லாதவன் கதியைப் பார் என்று இன்னும் பலர் கம்பனிக்கு ஓடினார்கள். தில்லைநாதனும் போனார்.

"உங்களுக்கு இப்ப வீடில்லையே?" என்றார் றேமண்ட்.

"இல்லை."

"அப்ப ஆபத்தே இல்ல. தாராளமா எடுக்கலாம்."

அன்று பின்னேரம் தில்லைநாதன் பொலிசியைக் கண்ணாடி போட்டு விறாந்தையில் மாட்டினார். அயலட்டையெல்லாம் வந்து கைகொடுத்துப் பாராட்டியது. கௌரி எல்லோருக்கும் கோப்பி கொண்டுவந்து கொடுத்தாள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.