பிரசவ அறையில் அம்மா

பஸ் வரும் திசையையே எட்டி எட்டிப் பார்த்தால் அது சீக்கிரம் வந்துவிடும் என்று நம்புகிறவள் நான். அப்படிப்பட்ட அவசரக்குடுக்கையிடம் போய், "வலி வரட்டும், பொறுமையா இரும்மா" என்றால்?

முதல் பிரசவம். வளைகாப்பு முடிந்து புதுப்பட்டினத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். செங்கல்பட்டில் நாங்கள் பார்த்த ஆஸ்பத்திரியில், பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்தான் வரலாம். மாமல்லபுரத்திலிருந்து மாமியார் தயாராக வந்து நின்றார்.

"எங்கம்மாதான் வரணும். இல்லாட்டி நான் உள்ளயே போமாட்டேன்!" (வாசலிலேயே பெற்றுக்கொள்ளும் உத்தேசம் போல.)

உண்மையில் பயம். அம்மா கையைப் பிடித்துக்கொண்டால் எதையும் தாங்கிவிடலாம் என்று நினைத்தேன். மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத் தலையை ஒரே வெட்டில் எடுக்கிறவள் ஆயிற்றே!

வராந்தாவில் நடந்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன். மறுபடி நடந்தேன்.

"இன்னும் எவ்ளோ நேரம் சிஸ்டர்?"

"உம் புள்ளையத்தான் கேக்கணும்."

ஒருவழியாக உள்ளே கொண்டுபோனார்கள். வலி உச்சத்தில் அம்மாவின் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

"எனுக்கு ஒரு மாரி கீதுடி" என்றாள். அடுத்த நொடி தடால்!

டாக்டரைத் தவிர அத்தனை பேரும் அம்மாவிடம் ஓடினார்கள். ஒருவர் தண்ணீர் தெளித்தார், ஒருவர் விசிறினார்.

"சிஸ்டர், பிரசவம் எனக்கு!" என்று கத்தினேன்.

அம்மாவை வெளியே தூக்கிப்போனார்கள். மாமியார் கதவருகே நின்று கேட்டார்: "இன்னாமே, இப்ப நான் வர்லாமா?"

இரண்டு கைகளையும் நீட்டினேன். மகள் பிறந்தாள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் முதலில் அம்மாவைத்தான் நலம் விசாரித்தார்கள்.

இரண்டாவது முறை, "சுகப்பிரசவமா, ஆபரேஷனா, ஏதாவது நினைச்சிருக்கியா?" என்று டாக்டர் கேட்டார்.

"எதுவா இருந்தாலும் சரி டாக்டர். எங்கம்மா உள்ள வரக்கூடாது."

அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை.

வயிற்றிலிருந்தவனோ என்னைவிட அவசரக்காரன். குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டது. மாமியார் பஸ்ஸில் வந்துகொண்டிருக்க, என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். தனியாகப் போகவும் பயம். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்ததும் கண்ணை இறுக்க மூடினாள். கடைசிவரை திறக்கவில்லை. பிடித்த என் கையையும் விடவில்லை. (விரல்கள் நசுங்கியதில் பிரசவ வலி பாதி மறந்துபோனது.) "பையன்!" என்று டாக்டர் சொன்னபோதும் கண்ணை மூடியபடியே, "ரத்தத்தத் தொடச்சிட்டாங்களாடி?" என்றாள்.

இன்றும் விசேஷ வீடுகளில் அம்மாவே ஆரம்பிப்பாள். "மொதப் பிரசவத்துல பாத்தேன், வுழுந்துட்டேன். ரெண்டாவதுல நின்னேன், ஒண்ணியும் பாக்கல."

"அப்ப மூணாவதுக்கு?" என்று யாராவது சீண்டினால் என் கணவர் நைசாக வெளியே நழுவிவிடுவார். அம்மா மட்டும் அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு என் பக்கம் கையை நீட்டுவாள்.