வெண்கலத் தொண்டையும் நீதிப்படமும்

ஊமைப்படக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்பவருக்கு ஊர் வைத்த பெயர் வெண்கலத் தொண்டை. அந்தத் தொண்டை வீட்டில் மட்டும் எடுபடாது. அதே கொட்டகையில் படத்துக்குப் பியானோ வாசிப்பவள் அவர் மனைவி. வீடு திரும்பினால் சாப்பாடு ஆறிப்போய்க் கிடப்பதற்கு அந்தப் பியானோதான் காரணம் என்பது அவருடைய தீராத மனக்குறை.

ஒருநாள் வசமாக ஒரு குட்டிப்படம் வந்து சேர்ந்தது. மனைவி வேலைக்குப் போகிறாள். கணவன் அடுப்படியில் கையைச் சுட்டுக்கொள்கிறான். கடைசியில் அவள் திரும்பி வந்து அவன் காலடியில் மண்டியிடுகிறாள். குடும்பப் பெண்களுக்கு நல்ல பாடம். வெண்கலத் தொண்டைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஜனங்க யார் பக்கம்னு இன்னிக்குப் பார்த்துடுவோம். அந்தப் புருஷனுக்காகக் கண்ணீர் விட்டாங்கன்னா, நாளையிலேருந்து நீ வீட்டோட இருக்கணும்" என்றார்.

"சிரிச்சாங்கன்னா?"

"இதைப் பார்த்தா? சிரிச்சா அடுப்படி என்னோடது."

"சரிங்க" என்றாள். அவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதே இல்லை. மனுஷன் அதையாவது கவனித்திருக்கலாம்.

விளக்கு அணைந்தது. திரையில் கணவன் பால் பாத்திரத்தைத் தொட்டுக் கையை உதறினான். கட்டியவள் இருந்தும் அனாதையானானே என்று இவர் தழுதழுத்தார். அதே நேரம் பியானோவிலிருந்து ஒரு கும்மாள மெட்டு துள்ளி வந்தது. கையை உதறியவன் தாளத்துக்கு ஆடுவதுபோல் ஆகிவிட்டது. முன்வரிசை களுக்கென்று சிரித்தது. இவர் குரலை உயர்த்தினார். அவள் வேகத்தைக் கூட்டினாள். கொட்டகையே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

போகட்டும், மண்டியிடும் காட்சி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அதுவும் வந்தது. பியானோவில் அவள் மெட்டை நிறுத்திவிட்டு, ஒற்றை விரலால் பூனை நடப்பதுபோல் டொக், டொக் என்று தட்டினாள். திரையில் மண்டியிட்டவள் கணவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் எதையோ துழாவுவதாகவே தெரிந்தது.

"என்னத்தைத் தேடுறா?" என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

"அவரு தொலைச்ச மானத்தைத்தான்" என்றது இன்னொன்று.

கொட்டகை முதலாளி சிரித்ததில் நீர் வழிந்த கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். இந்தப் படத்துக்கு வாசிப்பே போதும், பேச்சு குறுக்கே வருகிறது, இது ஓடும்வரை நீங்கள் வீட்டில் ஓய்வெடுங்கள் என்றார்.

மறுநாள் மாலை அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் வரும்போது சாப்பாடு சூடா இருக்கட்டும்ங்க" என்று சொல்லிவிட்டு, அந்தக் கும்மாள மெட்டை முணுமுணுத்தபடி தெருவில் இறங்கினாள். அடுப்பில் பால் பொங்கியது. பதறிப்போய்ப் பாத்திரத்தைப் பிடித்த வெண்கலத் தொண்டை, கையை உதறினார். ஐயோ பாவம் என்று எடுத்துச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.