அந்திரேயாவை அழைக்கப் போன கதை

என் வாழ்நாளில் ஒரே ஒரு ஆளைத்தான் கடத்தியிருக்கிறேன். அதையும் பட்டப்பகலில், சொந்தச் சித்தப்பாவின் காரில், அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு செய்தேன்.

டெல்லியில் ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தில் உள்ளூர் ஊழியராக இருக்கிறேன். எந்த நாடு என்று கேட்காதீர்கள். சம்பளம் இன்னமும் அவர்கள்தான் தருகிறார்கள். விசா விண்ணப்பத்தில் ஒட்டியிருக்கும் புகைப்படம் சரியான அளவா, இரண்டு காதும் தெரிகிறதா என்று பார்ப்பது என் வேலை. (திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குப் போயிருந்த தகவல் வேறு. "ஜெசி கையெழுத்துப் போட்டாத்தான் பிளேனே ஏற முடியுமாம்" என்று அம்மா கோவிலில் சொல்லியிருந்தார். நான் மறுக்கவில்லை.)

எல்லையில் பதற்றம் முற்றிய அந்த வாரம், தங்கையின் நிச்சயதார்த்தத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். வீட்டில் ஒரு பக்கம் தொலைக்காட்சி சைரன் ஊதிக்கொண்டிருந்தது. மறுபக்கம் அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். தூதரகத்தில் அதிகாரிகளின் குடும்பங்கள் பெட்டி கட்டிக் கிளம்பிவிட்டன. எங்களுக்கு வந்தது ஒரு மின்னஞ்சல்: "உள்ளூர் ஊழியர்கள் தங்கள் வீடுகளில் பாதுகாப்பாக இருக்கவும்." வீட்டிலேயே குண்டு விழுந்தால் எங்கே இருக்கவும் என்று அதில் இல்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மிக அவசியமான ஊழியர்களை மட்டும் வைத்துக்கொள்ளப் பட்டியல் தயாராகிறது என்று சக ஊழியர் ஒருவர் தகவல் அனுப்பியிருந்தார். போர்க்காலத்தில் காது பார்ப்பவள் மிக அவசியமா? அன்று காலை வைத்த இட்லி தட்டிலேயே கிடந்தது.

பதினோரு மணிக்கு எங்கள் பிரிவு அதிகாரி அழைத்தார். என் சொந்த ஊர் கொடைக்கானலுக்கு அடுத்த தெரு என்று ஒருமுறை அவரிடம் அளந்திருந்தேன். அதை நினைவில் வைத்திருக்கிறார், பாவி. "எங்கள் நாட்டவர் ஒருவர் கொடைக்கானலிலிருந்து கொடைரோடு வருகிறார். நான்கு மணிக்குள் மதுரை விமான நிலையத்தில் சேர்க்க வேண்டும். முடியுமா?"

"கண்டிப்பாக, சார்" என்றேன்.

பிறகு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "ஆந்த்ரியா. வயது 72. தனியாக. ரயில் நிலையம். தொப்பி, பழுப்புப் பை. போன் வேலை செய்யவில்லை."

எங்களுக்கு ஆந்த்ரியா என்றால் பைபிளில் வரும் அந்திரேயாதான்: ராயப்பர் என்ற பேதுருவின் தம்பி, இயேசுவின் அப்போஸ்தலர். எங்கள் தெருவிலேயே இரண்டு அந்திரேயா உண்டு. இரண்டு பேருக்கும் மீசை உண்டு. எனவே எனக்குச் சந்தேகமே வரவில்லை.

சித்தப்பா ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார். முப்பது வருடம் மைதானத்தில் கத்தியதில், அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதும் கட்டளைதான். விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சை நிமிர்த்தினார். "நாட்டுக்காக ஒரு சோலின்னா வராம இருப்பேனா தாயி? ஏறு!"

"நம்ம நாட்டுக்கு இல்ல சித்தப்பா, அவங்க நாட்டுக்கு."

"ஏதோ ஒரு நாடு. ஏறு."

வழியில், ஆளின் பெயரைப் பொது இடத்தில் உச்சரிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். (யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானாகவே.) எதிரிகள் ஒட்டுக் கேட்கலாம் என்று என் போனையும் அணைத்து வைத்தேன். காது பார்ப்பவளின் போனை ஒட்டுக் கேட்க எந்த எதிரிக்கு நேரம் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

கொடைரோடு நிலைய வாசலில் வயதான வெளிநாட்டு அம்மா ஒருவர் நின்றிருந்தார். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "எக்ஸ்கியூஸ் மீ, நீங்கள்தான்..." என்று ஆரம்பித்தார்.

"சாரி மேடம், எமர்ஜென்சி" என்று கையை உயர்த்திவிட்டு உள்ளே ஓடினேன்.

நடைமேடை பெஞ்சில் அவர் இருந்தார். எழுபது வயதுக்கு மேல். தொப்பி. பழுப்புப் பை. பன்னீர் திராட்சை தின்று, கொட்டைகளை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் போய்க் குனிந்து, ரகசியக் குரலில் ஆங்கிலத்தில் கேட்டேன்: "நீங்கள் காத்திருப்பது எனக்காகத்தானே?"

"ஒன்றரை மணி நேரமாக!" என்று எரிச்சலோடு பையை என் கையில் கொடுத்தார்.

காரில் ஏறும்வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான்கு வழிச் சாலையில் மதுரைப் பக்கம் திரும்பியதும் அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். கொடைக்கானல் மலை சிறுத்துக்கொண்டே போனது.

"மலை பின்னால் இருக்கிறதே?"

"உங்கள் பாதுகாப்புக்காக, சார்." அவர் முகம் மாறியதைப் பார்த்து, சமாதானமாக இடது பக்கம் சிறுமலையைக் காட்டினேன். "அங்கேயும் ஒரு மலை இருக்கிறது."

அவர் போனை எடுத்தார். "தயவுசெய்து அணைத்துவிடுங்கள்" என்றேன். அவர் கதவுப் பிடியில் கை வைத்தார். சித்தப்பா கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, மைதானக் குரலில், "ஏய்! சிட்! டோன்ட் மூவ்! ஹேண்ட்ஸ் டவுன்!" என்றார்.

சிறிது நேரம் கழித்துப் பார்த்தால், மனிதர் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"என்னவாம் தாயி?"

"அன்பளிப்பு போல, சித்தப்பா."

"வாங்காத. நாம கடமையச் செய்யிறோம்."

டோல்கேட்டில் போலீஸ் சோதனை நடந்துகொண்டிருந்தது. கார் நின்றதும் அவர் கண்ணாடியை இறக்கி, தலையை முழுக்க வெளியே நீட்டி, "ஹெல்ப்! கிட்நாப்!" என்று அலறினார்.

அடுத்த நிமிடம் எங்கள் காரைச் சுற்றி எட்டுப் போலீஸ்காரர்கள். பெண் எஸ்.ஐ. ஒருவர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா நீ?"

"திண்டுக்கல், மேடம்."

"இது வெளிநாட்டு அட்டையா இருக்கு. சண்டை நேரத்துல வெள்ளைக்காரரைத் தூக்கிட்டு எங்க போற?"

உளவாளி என்று தொலைக்காட்சியில் என் முகம் வரும், அம்மா அதைப் பார்ப்பார், நிச்சயதார்த்தம் நின்றுபோகும். இந்த மூன்றும் ஒரே நொடியில் கண்முன் ஓடின. அந்த மனிதரோ வேறு ஒரு நாட்டுக்காரராம். கொடைக்கானல் விடுதியிலிருந்து வரவேண்டிய காருக்காகக் காத்திருந்தாராம். எஸ்.ஐ.யின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவர் சொல்லச் சொல்ல, எனக்கு வியர்த்து வழிந்தது.

"உன் ஆபீசுக்குப் போனைப் போடு. ஸ்பீக்கர்ல" என்றார் எஸ்.ஐ.

போனை உயிர்ப்பித்தேன். பதினான்கு தவறிய அழைப்புகள். முதல் மணியிலேயே அதிகாரி எடுத்து, ஆங்கிலத்தில் கத்தினார்: "ஜெசிந்தா, எங்கே இருக்கிறாய்? ஸ்டேஷன் மாஸ்டரின் போனிலிருந்து ஆந்த்ரியாவின் அழைப்பு வந்தது. ஷீ இஸ் ஸ்டில் வெய்ட்டிங்!"

"ஷீ?" என்றேன்.

"ஷீன்னா பொம்பளதானம்மா?" என்றார் எஸ்.ஐ.

சித்தப்பா ஓரடி முன்னால் வந்தார். "அதெப்படி மேடம்? அந்திரேயா ஆம்பளதான். பைபிள்லயே இருக்கு."

எஸ்.ஐ. பார்த்த பார்வையில் சித்தப்பா அட்டென்ஷனில் நின்றார்.

அந்த மனிதர் புகார் எழுதித் தரவில்லை. விடுதிக் கார் வந்ததும், இந்தப் பெண் மறுபடி தன் பக்கம் வரக்கூடாது என்று மட்டும் எஸ்.ஐ.யிடம் உறுதி வாங்கிக்கொண்டு ஏறிப் போனார். நாங்கள் போலீஸ் ஜீப் பின்தொடர கொடைரோட்டுக்குத் திரும்பினோம். வாசலில் நின்ற அதே அம்மா இப்போது தன் பையின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"உங்கள் எமர்ஜென்சி முடிந்ததா?" என்று கேட்டார்.

சித்தப்பா எவ்வளவு விரட்டியும், மதுரை போய்ச் சேர்வதற்குள் விமானம் போய்விட்டது. டெல்லிக்குத் தகவல் சொன்னேன். மறுமுனையில் என் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்படும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்தம்மா என் கையிலிருந்து போனை வாங்கினார். "இந்தப் பெண்ணின் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். நான் கிளம்ப வேண்டும் என்று கேட்கவே இல்லை, நீங்கள்தான் போ போ என்றீர்கள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மூன்று நாள் எங்கள் வீட்டில் இருந்தார். நிச்சயதார்த்தத்தில் அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். அந்த மூன்று நாளும், அவர் தும்மினால்கூட எனக்குப் பகீரென்றது. பதற்றம் தணிந்ததாகச் செய்தி வந்ததும், பஸ் ஏறி மறுபடி கொடைக்கானலுக்கே போய்விட்டார். தூதரகக் கோப்பில் "உள்ளூர் ஊழியரின் குடும்பத்தாரின் பாதுகாப்பில்" என்று ஒரு வரி ஏறியது. என் வேலையும் தப்பியது. இன்றும் காதுதான் பார்க்கிறேன்.

ஆனால் வீட்டில் கேலிக்குத் தப்பவில்லை. போன வருடம் எனக்குத் திருமணம். பீடத்தின் முன்னால், பாதர் சம்மதம் கேட்டு வார்த்தைப்பாடு வாங்க வாயைத் திறந்த நேரத்தில், முதல் பெஞ்சிலிருந்து சித்தப்பாவின் குரல் மைக் இல்லாமலே கோவில் முழுக்கக் கேட்டது.

"பாதர், செத்த பொறுங்க. ஆளு சரியான ஆளுதானான்னு அவளக் கேக்கச் சொல்லுங்க!"

கோவிலே சிரித்தது. பாதரும் சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து, பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.