மறுபதிப்பு உறையில் அச்சான தேதி

மெம்ஃபிஸ், செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய வெர்லீன் அக்காவுக்குத் தம்பி லூஷியஸ் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். என் இதயம் டாக்டர் சொன்ன வேகத்திலேயே கெட்டுக்கொண்டிருக்கிறது, கவலை வேண்டாம். நாற்பது ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்த பழக்கத்தில், சொல்ல வந்ததை முதலிலேயே வரிசைப்படுத்துகிறேன்:

1. இசைத்தட்டு உறையில் அச்சாகியிருக்கும் தேதி தவறு.
2. நம்மோடு கூடப் பிறந்த ஒதாமேல் எனக்குப் பாசமே கிடையாது என்று நீங்கள் சொன்னது சரியல்ல.
3. கல்லறைத் தோட்டத்தில் ஒதாவுக்குப் பக்கத்து இடம் எனக்கு வேண்டும்.

கிளெமி ரட் பாடிய அந்த சோல் இசை ஆல்பத்தை மறுபடி இசைத்தட்டாகப் போட்டிருக்கிறார்கள் என்று உங்கள் பேத்தி ஜனீல் வாங்கி வந்தது என்மேல் உள்ள அன்பால்தான். 1969இல் வந்த பதிப்பில் வாத்தியக்காரர்களின் பெயரும் கிடையாது, பதிவான நாளும் கிடையாது. அதனால்தான் நானும் இத்தனை ஆண்டு நிம்மதியாக இருந்தேன். புதிய உறையில் எல்லாவற்றையும் தேடிப்பிடித்துப் போட்டுவிட்டார்கள். சர்ச் முடிந்து உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது அவள் இசைத்தட்டை ஓடவிட, நான் டிராம்போன் குழல் ஊதிய இடத்தில் ஆல்ஃபர்ட் மச்சான் கைதட்ட, நானும் கொஞ்சம் தலைநிமிர்ந்து உட்கார, நீங்கள் பூதக்கண்ணாடி வைத்து உறையைப் படித்துவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தீர்கள்.

"ஏன்டா, ஒதாவ அடக்கம் பண்ணுன அன்னைக்கு பஸ் கெட்டுப்போச்சுன்னுதான சொன்ன?"

"ஆமாக்கா."

"இதுல அதே தேதி போட்டிருக்கே, அப்ப பஸ்ஸுக்குள்ளயா உக்காந்து ஊதுன?"

"பஸ்ஸுன்னு பாத்தா நல்லாத்தான் ஊதியிருக்கான்," என்றார் ஆல்ஃபர்ட் மச்சான். யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் பயத்தில் கொஞ்சம் சிரித்துவிட்டேன். அது தப்பு. உடனே நீங்கள், "வியட்நாம்லேருந்து பொட்டியில வந்தான் அவன். தூக்க ஆறு பேர் வேணும், அஞ்சு பேர்தான் இருந்தாங்க. ஆறாவது ஆளா நான் தூக்குனேன்டா. அவன் பக்கத்து எடத்த நாய்க்குக் குடுப்பேன், ஒனக்குக் குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு என் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். மீனை அப்போதுதான் தொட்டிருந்தேன்.

அக்கா, ஸ்டூடியோக்களில் தேதி எழுதுகிறவர்கள் கவனமில்லாதவர்கள். ஒரு வாரம் முன்பின்னாக எழுதுவார்கள். ஒரு வருஷமாக ஸ்டூடியோவிலிருந்து கூப்பிடுவார்களா என்று காத்திருந்தேன் என்பதும், மாட்டேன் என்றால் வேறு ஆளைப் போடுவார்கள் என்பதும் உண்மை. அதற்குப் பிறகும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் அந்தத் தேதியை நம்ப வேண்டாம்.

ஜனீலைத் திட்டாதீர்கள். ஆல்ஃபர்ட் மச்சானுக்கு என் வணக்கம். கர்த்தர் உங்களை இன்னும் பல ஆண்டு என்னைக் கோபித்துக்கொள்ளும் தெம்போடு வைத்திருக்கட்டும்.

உங்கள் தம்பி,
லூஷியஸ்

பி.கு.: தபால்தலை ஒட்டிய பிறகு இந்தக் கடிதத்தை மறுபடி பிரித்தேன். இசைத்தட்டு உறைக்குள் இருக்கும் தாளில் ஸ்டூடியோ குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் படமாகப் போட்டிருக்கிறார்கள். நீங்கள் இன்னும் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் கையெழுத்து தெரிந்துவிடும். வாத்தியார் எழுத்து அழகாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். தேதிக்குப் பக்கத்தில் மதியம் இரண்டு மணி என்றும் எழுதியிருக்கிறேன். அது ஒதாவைக் குழியில் இறக்கும் நேரம் என்று தெரிந்துதான் எழுதினேன். பஸ் அன்று காலை சரியான நேரத்துக்கு வந்தது. டிரைவர் எனக்காகக் கதவைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் காத்தும் இருந்தார். மேலே நான் எழுதிய முதல் அம்சம் தவறு. மூன்றாவதை உங்களிடமே விடுகிறேன்.