ஓராரியோ அண்ணையின் நாற்பது பக்கக் கொப்பி

ஐரோப்பாவில் ரயில்கள் மின்சாரத்தால் ஓடுகின்றன என்று நம்புகிறவர்கள் எங்கள் ஓராரியோ அண்ணையைக் காணாதவர்கள். அவை அவருடைய அனுமதியோடுதான் ஓடின. சூரிச்சில் ஒரு ரயில் நாலு நிமிடம் பிந்தினால் பலெர்மோவில் அவர் தன் மணிக்கூட்டைத் தட்டிப் பார்ப்பார். "அது அப்பிடிப் பிந்துற ரயில் இல்லையே" என்று, பக்கத்து வீட்டுப் பிள்ளை சோதினையில் கோட்டை விட்டதுபோல முகம் வாடிப் போவார்.

ஓராரியோ என்றால் இத்தாலியனில் நேர அட்டவணை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்னவென்று எங்கள் கோவில் பங்கில் யாருக்கும் தெரியாது. சுவாமியார்கூட திருநாள் முடிவில் நன்றி சொல்லும்போது "ஓராரியோ அண்ணனுக்கும்" என்றுதான் சொல்லுவார்.

பலெர்மோவில் பொலிதேயாமாத் தியேட்டர் பக்கம் ஒரு பழைய மாடிக் கட்டடத்துக்கு அவர் வாசல் காவல். வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் மாதா படம். மாதாவுக்கு இடப் பக்கத்தில் பலெர்மோ – ரோமா அட்டவணை, வலப் பக்கத்தில் மிலானோ – சூரிச் அட்டவணை. முதலில் எனக்கு அது மனதுக்குப் பிடிக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். மாதாவும் கைப்பிள்ளையோடு எகிப்துக்குப் பயணம் போனவர்தானே. அவருக்கு அட்டவணை எழுதிக் கொடுக்க அப்போது ஒருவரும் இருக்கவில்லை.

இதிலே வேடிக்கை என்னவென்றால், மனிதர் தண்டவாளமே இல்லாத ஒரு குட்டித் தீவில் பிறந்தவர். இத்தாலிக்கு வந்த பிறகும் பகேரியாவைத் தாண்டிப் போனதில்லை. பகேரியா எங்கள் நகரத்திலிருந்து கால் மணித்தியாலம்.

"அண்ணை, பாரிஸ் பாக்க ஆசை இல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாரிஸிலை ஆறேழு பெரிய ஸ்டேஷன் கிடக்கு தங்கச்சி. நீங்கள் எதைக் கேக்கிறீங்கள்?"

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் அவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். நோர்வேக்குக் கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள், லண்டனுக்குச் செத்த வீட்டுக்குப் போகிறவர்கள், லூர்து மாதாவிடம் நேர்த்தி வைத்தவர்கள். கையில் போன் வைத்திருக்கிற இளசுகளும் கடைசியில் அவரிடம்தான் வருவார்கள். போன் ரயில் நேரத்தைச் சொல்லும். எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது படிக்கட்டு நேரே வரும் என்று அண்ணைதான் சொல்லுவார்.

எங்களுக்கு அவர் தேவைப்பட்ட கதையைச் சொல்கிறேன்.

என் அக்கா ஜெர்மனியில் இருக்கிறா. இருபத்துநாலு வருடம் நாங்கள் நேரில் காணவில்லை. முதலில் வதிவிடப் பேப்பர் இல்லை, பிறகு வேலை, பிறகு பிள்ளை. இப்போது அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது. கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தப்படுத்த வேண்டும். அவவால் வர ஏலாது. எனக்கோ காதில் ஒப்பரேசன் செய்த பிறகு விமானம் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அக்கா இருக்கிற பக்கத்தில் ஒரு மாதா கோவில். ஆவணியில் எங்கள் சனம் எல்லாம் அங்கே கூடுவார்கள். "சின்னவள், ஒரு தரம் உன்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு மாதாவுக்குப் பின்னாலை நடக்க வேணும்" என்று அக்கா போனில் கேட்டா. அடுத்த ஆவணி என்று அவ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் வேலை செய்கிற வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா, ஆவணியில் கடற்கரை வீட்டுக்குப் போவா. எனக்கு லீவு அந்த நாலு கிழமைதான். நான், என் கணவரான இவர், மகள் மூன்று பேரும் ரயிலிலும் பஸ்ஸிலும் ஐரோப்பாவைச் சுற்றி வர வேண்டும். ஓராரியோ அண்ணையிடம் போனோம்.

அவர் எங்களிடம் மூன்று கேள்வி கேட்டார்.

"எத்தினை பெட்டி?"

"நாலு."

"எத்தினை பூசை?"

"நாலு ஞாயிறும், மாதா திருநாளும்."

"எத்தினை வீடு?"

அதுதான் அவருடைய தொழில் இரகசியம். அவர் நகரத்துக்கு நகரம் அட்டவணை போட மாட்டார், வீட்டுக்கு வீடுதான் போடுவார். சூரிச்சில் இவருடைய மச்சாள் வீடு, ஜெர்மனியில் அக்கா வீடு, பாரிஸில் என் ஞானத்தாயின் மகள் வீடு, பிறகு லூர்து, ஜெனோவாவில் பழைய பங்குச் சுவாமியார், ரோமாவில் மகளின் சிநேகிதி வீடு. பத்து நாளில் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை நிரப்பிக் கொண்டுவந்தார். மெசினாவில் கடல் கடக்க ரயில் கப்பலுக்குள் ஏறும்போது என்ன செய்ய வேண்டும் என்றுகூட எழுதியிருந்தார்: "மேலே போய் ஆளுக்கொரு அரஞ்சினாச் சோற்றுருண்டை சாப்பிடலாம். இருபது நிமிடம். திரும்பி உங்கள் ரயில் பெட்டியைத் தேட ஏழு நிமிடம்."

ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. சூரிச் மச்சாள் வீட்டில் விடைபெறுகிற இடத்துக்குக் கீழே: "போட்டு வாறம் என்று சொல்லத் தொடங்குவது 7.10. வாசல் தாண்டுவது 8.35."

இவர் சிரித்துவிட்டார். "அண்ணை, போட்டு வாறம் எண்டு சொல்ல ஒண்டரை மணித்தியாலமோ?"

"தம்பி, உங்கடை மச்சாள் வீடெல்லோ. இருந்து கொண்டு ஒருக்கா சொல்லுவியள். எழும்பி நிண்டு ஒருக்கா. பிறகு ஒரு செபம். பிறகு படம் எடுக்கிறது. வாசல்லை நிண்டாத்தான் முக்கியமான கதை வரும். அது படியிறங்கும் வரைக்கும் போகும். ஜெர்மன்காரர் வீடெண்டா அரை நிமிசம் போட்டிருப்பன், கதவு பூட்டுறதும் சேத்து."

அவர் யாரிடமும் ஒன்றும் வாங்க மாட்டார். ஒரேயொரு நிபந்தனைதான். புறப்படுமுன் ஒத்திகை பார்க்க வேண்டும்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து, நாலு பெட்டியிலும் அரிசி மூட்டைகளை நிரப்பிக்கொண்டு நாங்கள் பகேரியாவுக்குப் போனோம். அங்கே ரயில் நிற்கிற இடைவெளியில் பெட்டிகளோடு இறங்கி, அடுத்த ரயிலில் பெட்டிகளோடு ஏறி வர வேண்டும். அண்ணை மேடையில் மணிக்கூட்டைப் பிடித்தபடி நின்றார். "முதல் பிள்ளை, பிறகு பெட்டி, பிறகு தங்கச்சி, கடைசியாத் தம்பி. தம்பி பெட்டியை எறியக் கூடாது, குடுக்க வேணும்."

எங்கள் மகள் முகத்தைத் தலைமயிரால் மூடிக்கொண்டாள். "மம்மா, கே வெர்கோஞ்ஞா, என்ன வெக்கக்கேடு. என்ரை கிளாஸ் பிள்ளையள் ஆரும் கண்டா நான் இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டன்."

மேடையில் நின்ற ஒரு சிஞ்ஞோரா அண்ணையிடம் இவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டா.

"ஜெர்மனிக்கு" என்றார் அண்ணை.

"பகேரியாவிலிருந்தா?"

"பழக வேணுமே சிஞ்ஞோரா."

இரண்டாவது தரம் ஏறும்போது ரயில் புறப்பட்டுவிட்டது. உள்ளே நான், மகள், அண்ணை, நாலு பெட்டி. இவரைக் காணவில்லை. ஜன்னலால் பார்த்தால் மேடைக் கடை வாசலில் ஒரு சின்னக் கோப்பியோடு நிற்கிறார். அண்ணை பதறவில்லை. கொப்பியைத் திறந்து ஒரு வரி எழுதினார்: "தம்பிக்குக் கோப்பி கூடாது. சூரிச் தாண்டும்வரை."

பலெர்மோ ஸ்டேஷனில் ஒரு வாங்கில் குந்தியபடி இவருக்காகக் காத்திருந்தபோதுதான் அண்ணை தன்னைப் பற்றி முதலும் கடைசியுமாகக் கதைத்தார்.

"இந்த வாங்கிலைதான் நான் எல்லாத்தையும் பாடமாக்கினனான் தங்கச்சி. பெர்மெஸ்ஸோ, இந்த வதிவிட அனுமதிப் பேப்பர், கிடைக்க எனக்குப் பதினொரு வருசம் சென்றது. அதுவரைக்கும் கையிலை ஒரு விண்ணப்பத் துண்டு. அதோடை எல்லை தாண்டேலாது. ஞாயிறிலை இஞ்சை வந்து இருந்து, எது எங்கை போகுதெண்டு பாத்துக்கொண்டிருப்பன்."

"இப்ப பேப்பர் கிடக்குத்தானே அண்ணை. ஏன் போகேல்லை?"

"பேப்பர் கிடக்கு. போக ஒரு வீடு வேணுமே. என்ரை அட்டவணை எல்லாம் வீட்டிலையிருந்து வீட்டுக்குத்தான். அந்தப் பக்கம் எனக்கு ஒருத்தரும் இல்லை." பிறகு உடனே மணிக்கூட்டைப் பார்த்தார். "தம்பி இப்ப வருவார். ஆறு நிமிசம் கிடக்கு."

ஆவணியில் வெளிக்கிட்டோம். கப்பலுக்குள் அரஞ்சினா சாப்பிட்டோம். ஏழாவது நிமிடம் எங்கள் பெட்டியைக் கண்டுபிடித்தோம். ரோமா, மிலானோ எல்லாம் கொப்பியில் இருந்தபடியே வந்தன. படிக்கட்டுகள்கூட நேரே வந்தன. அந்தச் சந்தோஷத்தில் எங்களுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது.

சூரிச்சில் மச்சாள் வீட்டில் மூன்று நாள் நின்றோம். நாலாம் நாள் காலை ரயிலைப் பிடித்தால் பின்னேரம் அக்கா வீடு. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு மாதா ஊர்வலம். கொப்பியில் 7.10 என்று இருந்தது. இவர் சொன்னார், "ஸ்டேஷன் பக்கத்திலை கிடக்கு. எட்டுக்குத் தொடங்கினாக் காணும்." நானும் தலையாட்டினேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் மச்சாளின் பிட்டு இன்னும் ஒரு கை வேண்டியிருந்தது.

எட்டு மணிக்குப் போட்டு வாறம் என்றோம். "ஓம் ஓம், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றா மச்சாள். எட்டேகாலுக்கு எழும்பினோம், செபம் சொன்னோம். மச்சாளுக்குச் செபத்தில் நல்ல வரம், எங்கள் இரண்டு பக்கத்து இனசனத்தையும் பெயர் பெயராக மாதாவிடம் ஒப்புக்கொடுத்தா. படம் எடுத்தோம், மூன்று போனில். பூட்டின பெட்டியைத் திறந்து மிளகாய்த்தூள் வைத்தா. வாசலில் செருப்புப் போடும்போது குரலைத் தாழ்த்தி, "ஒண்டு சொல்ல மறந்திட்டன்" என்று தன் மூத்தவளின் கலியாணப் பேச்சைத் தொடங்கினா. அதை எப்படிப் பாதியில் விட்டு இறங்குவது?

ஸ்டேஷனில் நாங்கள் ரயிலின் முதுகைத்தான் கண்டோம். அடுத்த ரயில்களில் இடம் இல்லை என்று கவுண்டரில் சொன்னார்கள். நான் அங்கேயே பெட்டியின்மேல் இருந்துவிட்டேன். இருபத்துநாலு வருடம் பொறுத்த அக்காவை ஒரு செருப்புப் போடுகிற நேரத்தில் தவறவிட்டேன்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன். அழுகிற என்னை அழ விட்டுவிட்டு, பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இருக்கிற சுவாமியார் மாதிரிக் கேட்டார். "எத்தினை மணிக்குத் தொடங்கினனீங்கள்?"

"எட்டுக்கு அண்ணை."

"கொப்பியின்ரை கடைசிப் பக்கத்தைப் பாருங்கோ. ஒட்டிக் கிடக்கும். கிழியுங்கோ."

கடைசி இரண்டு தாள்கள் பசையால் ஒட்டியிருந்ததை அதுவரை நாங்கள் கவனிக்கவே இல்லை. கிழித்தேன். மேலே தலைப்பு: "மச்சாள் வீட்டில் பிந்தினால்." கீழே, இரவு பஸ் எங்கே நிற்கும், விடியக் கொலோனில் இறங்கினால் ஸ்டேஷன் வாசலில் இருக்கிற பெரிய கோவில் ஆறு மணிக்குத் திறக்கும், அங்கே ஒரு செபமாலை சொல்ல நேரம் இருக்கிறது, பிறகு எந்தச் சின்ன ரயில். எல்லாவற்றுக்கும் கீழே சிவப்பு மையில்: "இடையில் மச்சாள் வீட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது. ஸ்டேஷனிலேயே இருக்கவும்."

அழுத கண்ணோடு நான் சிரித்தேன். மகள் கொப்பியை வாங்கி வாசித்துவிட்டுச் சொன்னாள், "மம்மா, இந்த மாமா ஒரு ஜேனியோ." ஜேனியோ என்றால் மேதை. அதுவரை அவளுக்கு அவர் வெட்கக்கேடாகத்தான் இருந்தார்.

ஒன்பது இருபத்தைந்துக்கு மாதா கோவில் வாசலில் இறங்கினோம். குடைக்குக் கீழே சில்லு வைத்த கதிரையில் அக்கா இருந்தா. அவவை நான் அடையாளம் கண்டது முகத்தை வைத்து இல்லை, சேலைத் தலைப்பைச் செருகியிருந்த விதத்தை வைத்து. ஊர்வலத்தில் அக்கா பாதித் தூரம் நடந்தா, பாதித் தூரம் கதிரையில் இருந்தா. கையை மட்டும் விடவில்லை. மாதாவுக்குத் தோத்திரம்.

அண்ணையின் கொப்பிக் கதையை அக்காவுக்குச் சொன்னேன். அவருக்குப் போக ஒரு வீடு இல்லாத கதையையும் சொன்னேன். அக்கா அவருக்கு ஒரு செய்தி சொல்லி விட்டா.

பிறகு பாரிஸ், லூர்து, ஜெனோவா, ரோமா எல்லாம் சொன்ன சொல் கேட்டு முடித்தோம். எங்கேயும் ஒரு நிமிடம் பிந்தவில்லை. கொப்பியின் கடைசிப் பயண வரி இப்படி இருந்தது: "பலெர்மோ 10.15. நான் நிப்பன்." அன்றைக்குப் பார்த்துக் கடலில் காற்று. கப்பல் தாமதித்து ரயில் நாலு மணித்தியாலம் பிந்தியது. இரண்டேகாலுக்கு நாங்கள் இறங்கினபோது, எங்கள் பெட்டிக் கதவுக்கு நேரே, கையில் தண்ணீர்ப் போத்தலோடு அண்ணை நின்றார்.

"எப்ப வந்தனீங்கள் அண்ணை?"

"பத்தேகாலுக்கு எண்டு எழுதினனான்தானே."

இவர் ஒரு கோப்பி வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தார். நான் அக்காவின் செய்தியைச் சொன்னேன். "அண்ணை, அக்கா உங்களை வரச் சொன்னவ. அந்தப் பக்கம் உங்களுக்கு ஒரு வீடு கிடக்கெண்டு சொல்லச் சொன்னவ."

அவர் கோப்பியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார். "அக்கா வீட்டிலை, போட்டு வாறன் எண்டு சொல்ல எவ்வளவு நேரம் போடலாம்?"

இந்த ஆவணியில் அவர் போயிருக்கிறார். நாலு பெட்டி ஒத்திகை பார்த்தவர், ஒரு சின்னப் பையோடு போனார். கண்ணாடிக் கூண்டில் மாதா தனியே இருக்கிறா. பூசை முடிந்து சனம் எங்கே போவது, எதில் ஏறுவது என்று தெரியாமல் முற்றத்தில் நிற்கிறது. நேற்று அக்கா போன் எடுத்தா. அவர் அவவுடைய ஆஸ்பத்திரி நாட்களுக்கு பஸ் அட்டவணை போட்டு, கூடவே போய் வருகிறாராம். "எப்ப வாறார்?" என்று கேட்டேன். "கொப்பியிலை அந்த இடம் வெறுமையாக் கிடக்கு" என்றா அக்கா.

அது கிடக்கட்டும். ரோமா ரயில் தினமும் பத்தேகாலுக்கு வரும். அவர் எந்த நாள் வந்தாலும் நான் நிப்பன்.