ஒரு சைஸ் பெரிய கம்பி

பிள்ளைக்கு அளவான சப்பாத்து வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்க என்னால் முடியாது. ஒரு சைஸ் பெரிதாக இருந்தால்தான் மனம் ஆறும். இதே கொள்கையை ஒரு கிற்றாரிலும் கடைப்பிடித்தேன் என்பதுதான் என் குற்றம்.

என் கணவர் தெல்லிப்பழையில் மின்விசிறி திருத்துபவர். சனி, ஞாயிறுகளில் ஓர் இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிப்பார். பாட்டுக்கு அடியில் 'தும் தும்' என்று ஒன்று போகுமே, அது அவர்தான். (அவர் நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறதென்று சனத்துக்கு விளங்கும்.) எங்கள் அப்பாவுக்கு இது பிடிபடவேயில்லை. "மற்றக் கிற்றார்ப் பெடியனுக்கு ஆறு கம்பி. எங்கடை மருமோனுக்கு மட்டும் ஏன் நாலு?" என்று என் கலியாணம் முடிந்த நாள் முதல் கேட்டுக்கொண்டிருந்தார்.

தங்கையின் கலியாண மதிய விருந்துக்கு இவர்களின் குழுவே வாசிப்பதென்று முடிவானது. அப்பா முதல்முறையாக மருமகன் வாசிப்பதைக் கேட்கப்போகிறார்.

வீட்டில் பழகும்போது இவருடைய விரல் வழுக்கினால் கம்பி 'கிரீச்' என்னும். தொட்டிலில் மகன் விழித்துவிடுவான். தட்டைச் சுற்றுக் கம்பி என்று ஒன்று உண்டாம். மேலே சுற்றியிருப்பது தட்டையான நாடா என்பதால் கிரீச் இல்லை, ஒலியும் கனிவு. கனடாவில் இருந்து வரவிருந்த அண்ணையிடம் இரகசியமாகச் சொல்லிவைத்தேன்.

கடையில் நின்று அண்ணை தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, மெல்லிசு, நடுத்தரம், நல்ல தடிப்பான மொத்தம் எண்டு மூண்டு இருக்கு. எது வேணும்? அவரைக் கேளன்."

ஒரு வாரமாக வீடியோ பார்த்துக் கொப்பியில் குறிப்பெடுத்து, 'நடுத்தரம்' என்பதன் கீழ் மூன்று கோடு போட்டிருந்தேன். வாயில் வந்தது வேறு.

"மொத்தத்தையே எடுங்கோ அண்ணை. அவ்வளவு தூரத்திலை இருந்து கொண்டு வாறது, கனகாலம் உழைக்கட்டும்."

கலியாணத்துக்கு முதல்நாள்தான் அண்ணை வந்து சேர்ந்தார். கணவர் கம்பியைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். அதன் தடிப்பைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர் என் முகத்தைக் கண்டு, "நல்ல கம்பி" என்றார். மறுநாள் காலையில் கிற்றாரில் பூட்டினார். கழற்றிய பழைய கம்பிகளை நான் வீணாக்கவில்லை. துண்டாக்கிப் பாகல் பந்தலை இழுத்துக் கட்டினேன்.

மண்டபத்தில் ஒலி சரிபார்க்கும்போது, கிற்றார்க் கழுத்தின் நுனியில் கம்பி பதியும் வெட்டுக்குள் அடங்காமல், மொத்தமான கம்பி ஒன்று துள்ளிப் பாய்ந்தது. ஒலிபெருக்கியில் 'டொம்!' மகன் வீரிட்டான். மாப்பிள்ளை வீட்டார் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள்.

கீபோர்ட் வாசிக்கும் குழுத் தலைவர் குனிந்து பார்த்தார். "டேய் மச்சான், உது காங்கேசன்துறையிலை கப்பல் கட்டுற கயிறெல்லோ! இழுத்த இழுவையிலை கழுத்தும் வளைஞ்சு போச்சு. பழசு எங்கை?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"பாகல் பந்தலிலை" என்றேன். (குரல் எனக்கே கேட்கவில்லை.)

அவர் கோபிக்கவில்லை. "பொறும், பாப்பம்" என்று நாலு கம்பியையும் ஒரே அளவாகத் தளர்த்தினார். கழுத்து மெல்ல நிமிர்ந்தது.

"சுருதி இறங்கிப் போச்சேடா?" என்றார் தலைவர்.

"இறங்கட்டும். நான் விரலைக் கழுத்திலை ரெண்டு கட்டம் தள்ளிப் பிடிக்கிறன். அந்த வெட்டுப் பக்கமே போகத் தேவையில்லை."

எங்கள் குசினியில் உப்புப் போத்தலை யாராவது இடம் மாற்றிவிட்டால் நான் ஒரு மாதம் கறிக்குச் சீனி போடுவேன். இந்த மனிதர் பல வருடங்களாக விரல் பழகிய இடங்களையெல்லாம் விட்டு, அன்றைய இருபது பாட்டையும் மனதுக்குள்ளேயே இடம் மாற்றி வாசித்தார். ஓரிடத்திலும் பிழை வரவில்லை. அந்த ஒலி கதிரைக் காலால் ஏறி நெஞ்சில் வந்து இருந்தது. மகன் என் மடியில் நித்திரையாகிவிட்டான். நான் மட்டும், அடுத்த பாட்டில் பிழை வருமோ என்று கடைசிவரை உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முன்வரிசையில் இருந்த அப்பா திரும்பினார். "பிள்ளை," என்றார், "நாலு காணும். ஆறு தேவையில்லை."

பிறகு கணவர் அந்த வெட்டை அராவிப் பெரிதாக்கி, கழுத்தையும் சரிசெய்தார். அதே கம்பியில்தான் இன்றும் வாசிக்கிறார். (பாகல் பந்தலும் அசையவில்லை.)

போன மாதம் மகனை முன்பள்ளியில் சேர்த்தோம். புதுச் சப்பாத்துக்குள் நான் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்ததை அப்பா பார்த்தார். பிறகு அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் தடக் தடக்கென்று நடந்துபோன பேரனைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"பயப்பிடாதை ராசா. உன்ரை அப்பாவைப் போலை ரெண்டு கட்டம் தள்ளி நட."